மூன்று கிலோபைட் பக்கம்

காலையில் எழுந்ததும் நான் செய்யும் முதல் வேலை, அன்றைய பக்கத்தை எடை போடுவது. காபி அதற்குப் பிறகுதான். மூன்று கிலோபைட்டுக்கு மேல் ஒரு எழுத்து ஏறினாலும் விடமாட்டேன். ஒருமுறை "அன்புள்ள வாசகர்களே" என்பதில் அன்பை எடுத்துவிட்டேன். யாரும் குறை சொல்லவில்லை.

என் தளத்தில் இருப்பவை குரோஷா பின்னல் மாதிரிகள். பக்கத்துக்கு ஒன்றாக நானூற்றுப் பன்னிரண்டு; தினம் ஒன்று, தலையில் ஒரு வரிக் கடிதத்தோடு, சுற்றி வரும். படம் கிடையாது, பாட்டு கிடையாது. "ஆறு சங்கிலிக் கண்ணி போடு, வளையமாக இணை" என்று வெறும் எழுத்துதான். இருபத்திரண்டு வருஷ வேலை.

மற்றவர்களின் தளங்கள் எல்லாம் முழுக்காட்சிக்குப் போய்விட்டன. ஒரு குல்லா பின்னக் கற்க வேண்டுமென்றால் உங்கள் வீட்டு வலைச் சாளரத்திலிருந்து ஒரு அம்மாள் இறங்கி வந்து பக்கத்தில் உட்காருவாள். மல்லிகை வாசனையோடு வருவாள். உங்கள் சம்பந்தி வீட்டு நலம் விசாரித்துவிட்டுத்தான் ஊசியைத் தொடுவாள். அவள் எடை நாற்பது கிகாபைட். நாங்கள் வத்தலகுண்டில் இருக்கிறோம், எங்களுக்கு வலை பெருக்கெடுத்து ஓடுகிறது, தாங்கும். மேலே கொடைக்கானலுக்கு அப்பால் மேல்மலையில் இருபத்தேழு ஊருக்கும் சேர்த்து ஒரே கோபுரம். ஊருக்கு ஒரு நாளைக்கு நான்கு கிலோபைட். அதற்குத் துளி என்று பெயர். அந்த அம்மாளின் மூக்குத்தி வந்து சேரவே அங்கே இரண்டு தலைமுறை ஆகும்.

அதனால்தான் மூன்று. மிச்சம் ஒன்று அவர்கள் மழை நிலவரம் பார்த்துக்கொள்ள.

கவுஞ்சியில் ஜெபமாலை என்று ஒரு பெண். பூண்டு தரம் பிரிக்கும் கொட்டகையின் மேஸ்திரி. தினமும் பத்து மணிக்கு ஊர்த் துளியில் என் பக்கத்தை இறக்கி, ஒரே ஒரு முறை சத்தமாக வாசிப்பாள். கேட்பவர்கள் கேட்டபடியே பின்னுவார்கள். ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒருத்தர், ஊருக்கு ஒரு நேரம். மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது கைகள் என்று அவள் சொன்னாள். இரண்டு கை உள்ளவர்களையும் ஒன்றாகத்தான் எண்ணினாளாம்.

போன வைகாசியில் வலைப் பேணல் வாரியத்திலிருந்து ஓலை வந்தது. எல்லாப் பக்கங்களும் வாரியத்தின் நினைவுத்தொட்டியில்தான் இருக்கின்றன. வீட்டில் யாரும் நகல் வைத்துக்கொள்வதில்லை, சாளரத்தில் அதற்கு இடமும் இல்லை. தொட்டி நிரம்பிவிட்டதாம். வரும் வியாழக்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள் இருபத்தைந்து இடங்களிலாவது திறக்கப்படாத தளத்தைத் துடைத்துவிடுவார்களாம்.

நான் சிரித்தேன். எனக்குத்தான் இருபத்தேழு ஊர் இருக்கிறதே. ஜெபமாலையைப் பழைய கம்பித் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"வியாழக்கிழமை பத்து மணிக்கு எல்லா ஊரும் திறக்கணும்மா. இல்லைன்னா தளம் போயிரும்."

"எங்க உசிரைக் குடுத்தாவது திறப்போம், பெரியப்பா."

"உசிரு வேண்டாம். மூணு கிலோபைட் போதும்."

வியாழக்கிழமை பதினொன்று ஐந்துக்கு வாரியத்தின் முடிவு வந்தது. திறந்தவர்: பூஜ்யம்.

மறுபடி பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பூஜ்யம் இன்னும் வட்டமாகத் தெரிந்தது. நானே ஒருமுறை திறந்திருக்கலாம். ஆனால் என் பக்கத்துக்கு நானே வாசகன் என்று கணக்குக் காட்டுவது அசிங்கமில்லையா?

ஜெபமாலை கூப்பிட்டாள். குரலில் அத்தனை உற்சாகம். "என்ன பெரியப்பா, இன்னைக்கு நல்ல கூட்டமா?"

"ஒரு ஈ காக்கா இல்லம்மா."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. இருபத்தேழு ஊரும் ஒரே நேரத்தில் இழுத்தால் கோபுரம் திணறும். அதனால் மேல்மலையில் ஒரு பழக்கம்: அவசரமான நாளில் அடுத்த ஊருக்கு வழிவிட வேண்டும். தளத்தின் உயிரே போகிற நாள் என்றால் அதைவிட அவசரம் உண்டா? கவுஞ்சி மன்னவனூருக்கு வழிவிட்டது. மன்னவனூர் பூண்டிக்கு. பூண்டி கிளாவரைக்கு. இப்படியே போய்க் கடைசி ஊர், "கவுஞ்சிக்காரங்கதானே சேதி சொன்னாங்க, அவங்க முதல்ல எடுக்கட்டும்" என்று கவுஞ்சிக்கே வழிவிட்டது. ஒரு மணி நேரம் கோபுரம் சும்மா நின்றது. மேல்மலையில் இவ்வளவு நல்ல சிக்னல் அதுவரை இருந்ததே இல்லையாம்.

"நீயாவது திறந்திருக்கலாமே ஜெபமாலை."

"நான் எப்படி பெரியப்பா? அத்தனை ஊரு காத்துக்கிட்டிருக்கையில..."

வெள்ளிக்கிழமை துடைத்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை எழுந்து எடை போட்டேன். ஒன்றுமில்லை என்பதற்கு எடை இல்லை. காபியும் இறங்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டில் எனக்கு நினைவிருந்தது முப்பதோ என்னவோ.

செவ்வாய்க்கிழமை கவுஞ்சி பஸ் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. அது நிற்கிற இடமே இல்லை. கண்டக்டர் பதினான்கு பூண்டுச் சாக்கை இறக்கினார். கூடவே ஜெபமாலையும் இறங்கினாள். சாக்குகளில் குல்லா, மேஜை விரிப்பு, குழந்தைக்குச் சட்டை, ஜீப்புக்குப் போர்வை, கிடாய்க் கொம்புக்கு உறை. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, அதில் மாதிரி எண்.

"எழுத்துதான போச்சு? நீங்க எழுதின கண்ணி ஒண்ணுகூடக் குறையல. எண்ணிப் பாருங்க" என்றாள்.

எண்ணினோம். எண்ணி எண்ணி ஒவ்வொரு மாதிரியையும் திரும்ப எழுதினோம், நூலிலிருந்து எழுத்துக்கு. ஆறு சங்கிலிக் கண்ணி, வளையமாக இணை. நான் எழுதியது என் முன்னால் கம்பளியாகக் கிடந்தது. அறுபத்து மூன்றாம் எண் காலுறையை எடுத்து இரண்டு முறை எண்ணினேன். விரல் விரலாகப் பிரிந்த காலுறை அது. ஆறு விரல் இருந்தது.

"இது என்ன?"

"நீங்க அப்படித்தான எழுதினீங்க? பதினோரு வருஷமா போட்டுக்கிட்டிருக்கோம். ஆறாவதுல வீட்டுச் சாவி வச்சுக்குவோம். எந்த ஊர்லயும் சாவி தொலைஞ்சதில்ல."

இந்த நேரத்தில்தான் வாரியத்திலிருந்து தீபன்ராஜ் என்ற பார்வை எண்ணர் வந்தார். துடைத்ததற்கு என் கையெழுத்து வேண்டுமாம். சாக்குகளுக்கு நடுவே அவருக்கு நிற்க இடமில்லை.

"பூஜ்யம் வாசகர் உள்ள தளத்துக்கு இதெல்லாம் யார் சார் பின்னினாங்க?" என்றார்.

"வாசிக்காதவங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மாதிரி இருபதாம் எண் குல்லாவைக் கையில் எடுத்து, சுற்றுக்கு எத்தனை கண்ணி என்று விரல் வைத்து எண்ண ஆரம்பித்தார். எண்ணுவதுதானே அவர் தொழில். நான்கு நாள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து எண்ணினார். பிறகு ஜெபமாலையோடு அதே பஸ்ஸில் மேலே போனார். இருபத்தேழு ஊரிலும் ஏறி இறங்கி, ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி கேட்டாராம்: "வியாழக்கிழமை ஏன் திறக்கவில்லை?" ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பதில். கூடவே தேநீர்.

அவர் எழுதிய அறிக்கையால் என் தளம் மறுபடி தொட்டியில் ஏறியது. நானூற்றுப் பன்னிரண்டும். அறுபத்து மூன்றை ஐந்து விரலாகத் திருத்தப் போனேன். மேல்மலை முழுவதும் எதிர்ப்பு, விட்டுவிட்டேன்.

இந்த வைகாசியில் மறுபடி எண்ணும் நாள் வந்தது. மறுபடி வழிவிட்டார்கள். பழக்கம், என்ன செய்வது? வாரியத்தின் படிவம் வந்தது. அதில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

திறந்தவர்: பூஜ்யம். வழிவிட்டோர்: ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்று. தளம் காக்கப்படும்.

ஜெபமாலையைக் கூப்பிட்டேன். "உங்க கணக்கு ஆயிரத்து நூற்று நாற்பதுதானே? யாருக்காவது குழந்தை பிறந்ததா?"

"இல்லையே பெரியப்பா."

தீபன்ராஜைக் கேட்டேன். சென்னையில் அவர் வீட்டில் நாற்பது கிகாபைட் அம்மாளே மூன்று பேர் இருப்பார்கள். வலைக்கு அங்கே என்ன பஞ்சம்?

"நானும் அன்னைக்குத் திறக்கல சார்" என்றார். "அத்தனை பேர் ஒதுங்கி நிக்கையில நான் மட்டும் முந்துறதா?"

அவர் பின்னிய காலுறை எனக்கு அஞ்சலில் வந்தது. அறுபத்து மூன்றாம் எண். ஆறு விரல், ஒரு கண்ணி பிசகவில்லை. வீட்டுச் சாவியை அதில் போட்டுவிட்டு, நாளைய பக்கத்தை எடை போட உட்கார்ந்தேன்.