எர்சிலியா நின்ற இடம்

நீவெஸ் மூச்சு வாங்கிய இடத்தில் பாட்டு அறுபடவில்லை.

அறுபட்டிருக்க வேண்டும். படத்தில் கொலைகாரன் படியேறும் காட்சிக்குப் பின்னணியாக, முழுக்க வார்த்தையில்லாத ஒரே 'ஆ'. இழை அறாமலிருக்க, கோரஸ் பெண்களை ஜோடி ஜோடியாக நிறுத்துவார்கள்; ஒருத்தி மூச்சு வாங்கும்போது மற்றவள் தாங்கிப் பிடிப்பாள். உச்சக் குரலுக்கு நீவெஸும் எர்சிலியாவும் மட்டும்தான். எர்சிலியாவைப் போன வாரம் புதைத்தாகிவிட்டது. பழக்க தோஷத்தில் அவள் தாங்குவாள் என்று நம்பி, நீவெஸ் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டாள்.

"அடேயப்பா!" கண்ணாடிக்கு அப்பாலிருந்து இசையமைப்பாளர் கலிந்தோ மைக்கில் கத்தினார். "இந்த மூச்ச இவ்ளோ நாளா எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்த?"

"நடுவுல நிறுத்திட்டேன், மாயெஸ்த்ரோ."

"நிறுத்தினா எனக்குக் கேக்காதா? இன்னொரு தடவ, முழுசா."

பின்வரிசைப் பாடகி துல்லியா தன் பவளக்கொம்புத் தாயத்தை நீவெஸின் கையில் திணித்தாள். "வச்சுக்கடி. உயிரோட இருந்தப்பவே உன்ன விட்டு நகரமாட்டா அவ." சிரித்தாள். நீவெஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுபடி தொடங்கினார்கள். தேவாலயத்துக்குக் கீழே இருந்த அந்தப் பதிவறையில், ஈரச் சுவரின் வாடையையும் ஆறிப்போன காப்பியின் கசப்பையும் மீறி, இடப்பக்கக் காலி இடத்திலிருந்து எர்சிலியா ஓயாமல் சப்பும் சோம்பு மிட்டாயின் வாசனை மெல்லக் கிளம்பி நீவெஸின் கன்னத்தருகே வந்து நின்றது. பயத்தில் நீவெஸ் பாடுவதை விட்டுவிட்டாள். இழை அறவில்லை. யாரோ தாங்கினார்கள். அவசரமாக மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி சேர்ந்துகொண்டாள்.

அப்புறம்தான் நினைவு வந்தது. அடுத்து எர்சிலியா மூச்சு வாங்குவாள். தான் தாங்க வேண்டும்.

காதருகே மூச்சிழுக்கும் சத்தம் தொடங்கியது.

நீவெஸ் தாங்கினாள். சத்தம் நிற்கவில்லை. தோளில் கிடந்த கூந்தல் இடப்பக்கம் நகர்ந்தது. இசைக்குறிப்புத் தாளும் அந்தப் பக்கமே சாய்ந்தது. போதும், எர்சிலியா. போதும்டி. நெஞ்சு எரிந்தது. இன்னும் இழுத்தது. தாயத்து கைநழுவி விழுந்தது.

கலிந்தோ கண்மூடி ரசித்துவிட்டு, கையை மடக்கினார். முடிந்தது. எல்லோரும் வாயை மூடினார்கள். நீவெஸும் மூடினாள்.

நீவெஸின் குரல் மட்டும் நிற்கவில்லை. காலி இடத்திலிருந்து, தெளிவாக, அறாமல் வந்துகொண்டிருந்தது.

துல்லியா அலறினாள். நீவெஸ் மூச்சு வாங்க வாயைத் திறந்தாள்.

உள்ளே எதுவும் வரவில்லை.