தெளியாத ஜாடி

நான்காவது நாளும் ஜாடியில் தண்ணீர் தெளியவில்லை. மாயாபந்தர் தீவில், ஜெட்டி எனப்படும் படகுத்துறைக்கு மேலே, மழை இருட்டில் பகலிலேயே டியூப்லைட் எரிந்த அந்தச் சின்ன ஆய்வகத்தில், ஈரச் சுவரின் பூஞ்சை வாடையையும் மீறி இன்று சேற்று நாற்றம் வந்தது. மண் பரிசோதனை செய்யும் சித்ரா எழுந்துபோய்ப் பார்த்தாள். ஜாடியின் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது.

ஆற்று வெள்ளம் கடலுக்குக் கொண்டுவரும் மண்ணில் மணல் சட்டென்று கீழே போய்விடும். நுண்ணிய வண்டல் நாள்கணக்கில் மிதந்து, கடைசியில் கடலடியில், கால் வைத்தால் புதையும் கஞ்சிபோலப் படியும். அதனால்தான் கடலடி மண்ணை ஜாடித் தண்ணீரில் கலக்கி, ஒரு முழு நாள் விட்டு அளக்கச் சொல்லியிருக்கிறார்கள். சித்ரா ஒரு மணி நேரத்தில் அளந்துவிட்டாள். தீவிலிருந்து மெயின்லேண்டுக்குப் போகும் கப்பல் அன்று மாலையே கிளம்புவதாக அறிவிப்பு வந்திருந்தது. இரண்டு மாதம் அலைந்து வாங்கிய டிக்கெட். கலங்கலைக் கணக்கில் எடுக்காமல், அடியில் விழுந்த மணலை மட்டும் பார்த்து, 'கெட்டித் தரை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கடைசியில் கப்பலும் கேன்சல். அந்தத் தரையை நம்பி ஜெட்டி வேலைக்குக் கடலில் இறங்கிய தொழிலாளி வெள்ளைச்சாமி மட்டும் மேலே வரவில்லை. அப்படி என்ன அவசரம் வேண்டிக்கிடந்தது!

கதவு தட்டும் சத்தம். வெள்ளைச்சாமியின் உடலைத் தேட இறங்கப்போகும் டைவர் ராஜமாணிக்கம், சுண்டுவிரல் செம்பு மோதிரத்தால் தட்டிக்கொண்டு நின்றார்.

"மேடம், நீங்க எழுதின மாதிரி அடி பக்காதானே? காலூனி நிக்கலாமில்ல? அவன் பொண்டாட்டி மூணு நாளா ஜெட்டியிலயே உக்காந்திருக்கு."

உண்மையைச் சொன்னால் இந்த ஆள் பிழைப்பார். ஆனால் அவளுடைய வேலை போய்விடும். கேஸ் வரும். 

"பக்காதான்," என்றாள்.

"டீக் ஹை, சரி மேடம். அப்ப பயமில்ல."

செருப்புச் சத்தம் படியிறங்கித் தேய்ந்தது. தகரக் கூரையில் மழை. சுவர்க்கடிகாரத்தில் அரைமணி நேரம் ஓடியது. பிறகு, டக்.

ஜாடிக்குள்ளிருந்து.

கலங்கல் மெல்ல விலகியது. கண்ணாடியில் ஓர் உள்ளங்கை. ஐந்து விரல்கள். நகக்கண்களில் சேறு.

ஜன்னலுக்கு ஓடினாள். கீழே ஜெட்டியில் ராஜமாணிக்கத்தின் இடுப்புக் கயிறு மட்டும் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கத்த வாயைத் திறந்தாள். நாக்கு முழுக்க வழுவழுவென்று சேறு. சத்தம் வரவில்லை.

கயிறு நின்றது.

டக். டக்.

திரும்பினாள். முதல் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை. அதன் சுண்டுவிரலில் செம்பு மோதிரம்.