முதல்வாய்த் தண்ணீர்

விடிந்ததும் கஞ்சித்தொட்டித் தெருவில் குடங்கள் வந்து உட்கார்ந்துவிடும். ஆட்கள் பிறகு வருவார்கள், கலைந்த தலையும் துலக்காத பல்லுமாக. எல்லோருடைய கண்ணும் அன்றைக்கு முறை வந்த வீட்டின் வாசலில் இருக்கும். அந்த வீட்டிலிருந்து ஒருவர் வந்து, குழாயடியில் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன மூக்குக் குழாயில் மணிக்கட்டை வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, எல்லோரும் பார்க்க அண்ணாந்து குடிப்பார். குடித்துவிட்டு அங்கேயே ஸ்டூலில் உட்காருவார். அவர் மணிக்கட்டில் இருக்கும் நாடிப்பட்டை அவருடைய ரத்தத்தைப் படிக்கும். பட்டையில் பச்சை எரிந்தால் தெருவின் பெரிய வால்வு தானாகத் திறந்துகொள்ளும். அதுவரை ஊர்க்கதை.

அப்படிக் குடிப்பவருக்கு முதல்வாய் என்று பெயர். ஓடைக்கரை நகரின் எல்லாத் தெருவிலும் இதே நடைமுறைதான். முன்பெல்லாம் கருவிகள் தண்ணீரைச் சோதித்தன. கருவிகள் சுத்தம் சுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு கோடையில் இரண்டு தெருக்கள் முழுசாகக் காலியாகிவிட்டன. கருவிக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கலாம், ரத்தத்துக்கு முடியாது என்று அதன் பிறகு சட்டம் வந்தது.

அன்றைக்குப் பிரணவ் வீட்டு முறை. புதுப்பெண் வந்த வீடென்றால் முதல் முறைக்கு அவளே முதல்வாய். இது சட்டம் இல்லை, தெருவின் ஆசை. தெருவின் முறையைப் பார்த்துக்கொள்ளும் ஹர்ஷினியக்கா, புதுப்பெண் பூங்கோதையின் தலையில் பூ வைத்து, கையைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்து வந்தாள்.

"நல்லா அண்ணாந்து குடிக்கோணும் அம்மிணி. ஒரு சொட்டு கீழ சிந்தப்படாது. சிந்துனா ஆம்பளப் புள்ள பொறக்காதாம்."

"அக்கா சிந்திக் குடிச்சவங்க போலிருக்குது. மூணும் பொண்ணு!" என்று கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள். ஹர்ஷினியக்காதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

பூங்கோதை மேல்கோம்பை மலைக்காரி. முதல் கணவன் மண்சரிவில் போனபின், ஏழு வயது மகள் தேனுவோடு அண்ணன் வீட்டில் ஒண்டிக் கிடந்தவள். பிரணவ் இரண்டு பேரையும் ஏற்றுக்கொண்டான். மலையில் பெண்ணுக்கு நகை போடும் வழக்கம் ஒழிந்துவிட்டது, சுனைத்தண்ணீரைக் கேன்களில் அடைத்துச் சீராக அனுப்புவார்கள். வந்த நாளிலிருந்து அம்மாவும் மகளும் அதையேதான் குடித்தார்கள். கடைசிக் கேன் நேற்றோடு தீர்ந்திருந்தது.

அவள் ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். தேனு அவள் முழங்காலில் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் பட்டை சிவப்பாக எரிந்தது.

தெருவில் சிவப்பு எரிந்து பல வருடம் ஆகியிருந்தது. குழந்தைகள் அதைப் பார்த்ததே இல்லை. "அம்மா, இந்த கலர் அழகா இருக்குது" என்றாள் தேனு.

நீர்வாரிய ஆய்வாளர் ரக்‌ஷிதா மதியம் வண்டியில் வந்தார். பூங்கோதையின் பட்டையைத் தன் கருவியோடு பொருத்திப் பார்த்தவர், வீட்டுக்குள் போய்ப் பேசலாம் என்றார். பிரணவ் கதவைச் சாத்தினான்.

"இந்தப் பட்டை எங்க கட்டுனதுங்க?"

"மலையில, எங்கூர்ல."

"அதானுங்க." ரக்‌ஷிதா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "பட்டை உங்க ரத்தத்த எந்த நல்ல ரத்தத்தோடயும் ஒப்பிடறதில்லைங்க. போன தடவை உங்களுக்கே என்ன அளவு இருந்துதோ, அதோடதான் ஒப்பிடும். அதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் வந்தாச் சிவப்பு. இல்லையினாப் பச்சை. இங்க இருக்கறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் துளித்துளியாத்தான் ஏறும். அது வித்தியாசமாவே தெரியாது. நீங்க சுனைத்தண்ணி குடிச்ச ஒடம்போட நேரா வந்து குடிச்சிட்டீங்க."

பூங்கோதைக்குக் காலையில் சிரித்த வாய்கள் நினைவுக்கு வந்தன. எல்லா ஈறுகளின் ஓரத்திலும் நீலமாக ஒரு கோடு இருந்தது. இந்த ஊர் ஆட்களுக்கு அப்படித்தான் இருக்குமோ என்று அவள் நினைத்திருந்தாள். ரக்‌ஷிதா பேசும்போது கைக்குட்டையை வாயருகிலேயே வைத்திருந்தார்.

"நல்ல ரத்தத்தோடயே ஒப்பிட்டா என்னவாம்?" என்றான் பிரணவ்.

"ஆரம்பத்துல அப்பிடித்தான் செஞ்சாங்க. ஊரு முழுக்கச் சிவப்பு. ஒரு வால்வு தொறக்கலை. தாகத்துல செத்தவங்களத் தூக்கறதுக்கு ஆளில்லாமப் போச்சு. அப்புறந்தான் மாத்துனாங்க." அவர் குரலைத் தணித்தார். "உங்க சம்சாரத்தோட மலை அளவு இன்னும் இந்தப் பட்டையில நிக்குதுங்க. இந்த ஊர்ல ஒப்பிட்டுக் காட்ட நம்மகிட்ட இருக்கற ஒரே நல்ல அளவு அதுதான். நான் இன்னைக்கே நீர் நடுவர் மன்றத்துக்கு எழுதறேன். இத வெச்சுக் கேட்டா, சுத்திகரிப்பு ஆலைய மாத்தியே ஆகோணும். ஆனா விசாரணை வரைக்கும் இவங்க மறுபடி அந்த மூக்குக் குழாயில கைய வெக்கக் கூடாது. வெச்சாங்கன்னா மலை அளவு அழிஞ்சு, இன்னைக்கு அளவு அங்க ஏறி உக்காந்துக்கும். அடுத்த நிமிசம் பச்சைதான்."

"எப்ப விசாரிப்பாங்க?"

"வாரக்கணக்குல ஆகும். மாசமாகூட..."

"அதுவரைக்கும் தண்ணி?"

ரக்‌ஷிதா சன்னல் வழியாக வெளியே இருந்த குடங்களைப் பார்த்தார்.

வேறு ஆளைக் குடிக்க வைக்கவும் வழி இல்லை. முன்னொரு காலத்தில் ஒருவருக்குச் சிவந்தால் இன்னொருவர், அவருக்கும் சிவந்தால் மற்றொருவர் என்று பச்சை வரும்வரை ஆள் மாற்றிச் செத்திருக்கிறார்கள். அதனால் சிவந்த வாயே மறுபடி குடித்துப் பச்சையாக வேண்டும் என்று பட்டையிலேயே பூட்டு வைத்துவிட்டார்கள். பக்கத்துத் தெரு ஒரு சொம்பு கொடுத்தாலும் அவர்கள் வால்வும் மூடிக்கொள்ளும். சிவப்புப் பட்டையோடு மலைப் பேருந்தில் ஏற்ற மாட்டார்கள்.

பூங்கோதை குழாயடிக்குப் போகவில்லை. முதல் நாள் தெரு அவளைத் திட்டியது. "சீரோட நோவையுஞ் சேத்துக் கொண்டாந்துட்டா" என்று சன்னலுக்குக் கேட்கும்படி சொன்னார்கள். அப்புறம் திட்டுவதும் நின்றது. வறண்ட நாக்கால் எவ்வளவுதான் திட்ட முடியும். பிரணவ் மில்லில் கொடுத்த பாலைக் குடிக்காமல் பாட்டிலில் மறைத்துக் கொண்டுவந்து தேனுவுக்குக் கொடுத்தான். மறுநாள் மில் வாசலிலேயே பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"பொறுத்தது போதும் பூங்கோத. நீ சொல்றபடியே செய்யலாம்" என்றான் அவன். அவள் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

ஹர்ஷினியக்கா வந்தபோது சண்டைக்கு வருகிறாள் என்றுதான் பூங்கோதை நினைத்தாள். அவள் வந்து தரையில் உட்கார்ந்தாள். அவளுடைய கடைசி மகளுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"அவளுக்குப் பாலு நின்னுபோச்சு கண்ணு" என்றாள். "கொழந்த அழுகறதையும் நிறுத்திருச்சு."

"அக்கா, அந்தத் தண்ணியில வெசம் இருக்குது. நா இப்பப் பொறுத்தா எல்லாருக்கும் நல்ல தண்ணி வரும்னு அந்தம்மா..."

"தெரியும்."

"தெரியுமா?"

"யாருக்குத் தெரியாது? தெரிஞ்சேதான் நாங் குடிச்சேன். தெரிஞ்சேதான் எம் மூணு புள்ளைகளுக்கும் ஊத்துனேன். பெரியவளுக்குக் கை நடுக்கம், நடுவுளவளுக்குப் பேச்சுத் திக்குது. மெதுவாச் சாகறதுக்கு நாங்க பழகிட்டோம் கண்ணு. இன்னைக்கே சாகறதுக்குத்தான் பழகல."

அவள் கெஞ்சவும் இல்லை. எழுந்து போய்விட்டாள்.

அன்று மதியம் தேனு கூப்பிட்டதற்கு எழுந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். உதடுகள் மரப்பட்டை மாதிரி வெடித்திருந்தன. காலையிலிருந்து அவள் ஒன்றுக்குப் போகவே இல்லை என்பது பூங்கோதைக்கு அப்போதுதான் உறைத்தது. அழச் சொன்னால் அழுவாள் போலத்தான் முகம் இருந்தது, கண்ணில் தண்ணீர் இல்லை.

பூங்கோதை மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வெயிலில் தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. மூக்குக் குழாயில் மணிக்கட்டை வைத்தாள். பட்டை ஒருமுறை அதிர்ந்தது. மேல்கோம்பையில், பனிக்காலத்தில், சுனைத்தண்ணீர் மட்டுமே குடித்து வளர்ந்த உடம்பு ஒன்று இருந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த அதிர்வில் அழிந்தது. அவள் டம்ளரை நிறைத்துக் கடகடவென்று குடித்தாள்.

ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தாள். பச்சை எரிந்தது.

வால்வு திறக்கும் ஓசை கேட்டுக் கதவுகள் எல்லாம் திறந்தன. குடங்கள் முட்டிக்கொண்டன, ஒருத்தி கீழே விழுந்தாள், ஒருத்தி குழாயிலேயே வாயை வைத்தாள். யாரோ விசிலடித்தார்கள். ஹர்ஷினியக்கா கையில் குழந்தையோடு ஓடி வந்து, ஈரக்கையால் பூங்கோதையின் கன்னத்தைத் தடவினாள். பிரணவ் கூட்டத்தை முட்டித் தள்ளி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

அப்போதுதான் ரக்‌ஷிதாவின் வண்டி தெருமுனையில் வந்து நின்றது. பச்சை எரிந்த செய்தி வாரியத்துக்குப் போயிருந்தது. அவர் ஓடி வந்தார்.

"புள்ள குடிச்சிருச்சா? இன்னும் இல்லையே?" மூச்சு வாங்கியது அவருக்கு. பையிலிருந்து குழந்தைகளுக்கான சின்னப் பட்டை ஒன்றை எடுத்தார். "உங்களது போச்சு, போகட்டும். இவ ரத்தம் இன்னும் மலை ரத்தந்தானுங்க. இப்பவே கட்டிட்டா அந்த அளவு பதிவாயிரும். விசாரணை முடியற வரைக்கும் இந்தத் தண்ணி மட்டும் இவ வாயில படக்கூடாது. ஊருக்கு ஒரு வழி பொறக்கும். ரெண்டு லட்சம் பேருங்க. எம் பையனும் அதுல இருக்கறான்."

"வேற தண்ணி குடுப்பீங்களா?" என்றாள் பூங்கோதை.

ரக்‌ஷிதாவின் கை பட்டையோடு அப்படியே நின்றது. கைக்குட்டையை மறந்துவிட்டிருந்தார். அவர் ஈறிலும் அந்தக் கோடு தெரிந்தது.

"கேட்டுப் பாக்கறேனுங்க."

தேனு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். தூக்கத்தான் வலுவில்லை. விளிம்பு உதட்டில் பட்டு நின்றது, தண்ணீர் எட்டவில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள்.

பூங்கோதை டம்ளரின் அடியில் கை கொடுத்து மெல்ல உயர்த்திப் பிடித்தாள்.