சுழலத் தொடங்கிய விளக்கு

மலை உச்சியில் கடல் நாறியது. கலாராணி முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடி முகர்ந்தாள். உப்பும் அழுகிய பாசியும். மடுல்சீமையிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் அரைநாள் பஸ்ஸில் குலுங்க வேண்டும்.

சாயங்காலம் நாலு மணிக்கே பனி இறங்கித் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை விழுங்கியிருந்தது. அவள் நின்றது தேயிலைத் தோட்டத்து விளக்குக் கோபுரத்தில். எங்கோ கிழக்குக் கரையில் கைவிடப்பட்ட வெளிச்சவீடு ஒன்றின் விளக்கை, அந்தக் காலத்துத் துரை ஒருவர் வாங்கிவந்து இங்கே வைத்தாராம். பனியில் மாட்டிக்கொண்டவர்கள் அதைப் பார்த்தே நடப்பார்கள். கண் தப்பினால் பாறை விளிம்பு, அதற்கப்பால் பள்ளம். விளக்கைக் காப்பது கலாராணியின் வேலை. கொழுந்து பறிக்க மலைக்குப் போன ஆட்கள் எல்லோரும் மூன்று மணிக்கே திரும்பிவிட்டார்கள். பாடசாலை முடிந்து வரவேண்டிய அவள் மகள் மதுஷா மட்டும் இன்னும் வரவில்லை.

நூறு வருடமாக அசையாமல் எரிந்த விளக்கு, இன்று காலைதான் சுழல ஆரம்பித்தது. பதுளையிலிருந்து வந்த மெக்கானிக் பலீல் துருவைச் சுரண்டி, மோட்டார் பூட்டி, தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டார்.

"ஒவ்வொரு வெளிச்சவீட்டுக்கும் ஒரு சுத்துக் கணக்கு இரிக்கி தங்கச்சி. இது ரெண்டு தரம் மின்னி ஒரு தரம் ஓயும். அதப் பாத்துத்தான் கடலுக்குப் போனவங்க அவங்கட கரை எதுன்னு கண்டுபுடிப்பாங்க."

"எங்க ஆளுங்க வீடு வந்து சேந்தா போதுங்க."

இப்போது கீழே தேயிலைச் செடிகள் உரசின. ஒருவர் நடக்கும் சத்தமல்ல. ஒரு தோட்டமே வேலை முடிந்து திரும்புவதுபோல, ஆனால் பேச்சில்லாமல், சிரிப்பில்லாமல், ஈரத்துணி காலில் அடிக்கும் ஓசையோடு மேலே ஏறிவரும் சத்தம்.

வெளிச்சம் சரிவில் திரும்பியது. வெள்ளைச் சீருடையில் மதுஷா. கலாராணிக்குப் போன உயிர் வந்தது.

அடுத்த சுற்று. மகளுக்குப் பின்னால் ஆட்கள். சாரத்தை மடித்துக் கட்டியவர்கள். சட்டையில்லாதவர்கள். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி. எல்லோர் உடம்பிலும் தண்ணீர் வழிந்தது. எல்லோர் முகமும் விளக்கை நோக்கி.

பலீல் சொன்னது அப்போதுதான் உறைத்தது. கடலோடு போனவர்கள் தங்கள் கரையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கை சுவிட்சுக்குப் போனது. அணைத்தால் அவர்கள் நின்றுவிடலாம். அணைத்தால் மதுஷாவுக்குப் பள்ளம். பயத்தில் அழுகை வந்தது. கையை எடுத்துவிட்டாள்.

"ஓடியா மதுஷா! திரும்பிப் பாக்காத!"

"வெளிச்சத்தப் பாத்துத்தாம்மா வர்றேன். பயமில்ல. இவங்க கையப் புடிச்சிருக்காங்க."

சுற்று. இருள். படியில் ஈரக்கால்கள். நிறையக் கால்கள்.

கலாராணி தாழ்ப்பாளைத் திறந்தாள். பெற்றவள் வேறு என்ன செய்வாள்?

வாசலில் மதுஷா. இரண்டு பக்கமும் ஊறி வெளுத்த கைகள் அவளைப் பிடித்திருந்தன. "அம்மா" என்று சொல்ல வாய் திறந்தாள். தண்ணீர் கொட்டியது. நிற்கவில்லை. கலாராணி இரு கைகளாலும் மகளின் வாயைப் பொத்தினாள். விரலிடுக்குகளில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.