மூன்று கிராம் குறைவு

செவ்வாய்க்கிழமை இல்லாத ஜன்னல் கண்ணாடி புதன்கிழமை இருந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பழைய கட்டுமானப் பொம்மைப் பெட்டிகளை வாங்கி, வலைப்பையில் போட்டுக் கழுவி, துண்டு துண்டாக எண்ணி, இணையத்தில் திரும்ப விற்பது அவள் தொழில். மற்றவர்கள் பெட்டியைத் தூக்கித் தராசில் வைப்பார்கள். நிறுவனத்தின் கையேட்டில் போட்டிருக்கும் எடை வந்துவிட்டால் ‘முழுமையானது’ என்று எழுதிவிடுவார்கள். நாலு சட்டைப் பொத்தானைப் போட்டால்கூட எடை வந்துவிடும் என்பதை எவனும் யோசிக்க மாட்டான். அவள் மட்டும் எண்ணுவாள். வாங்குகிறவர்கள் அவளுக்கு ‘எண்ணி அக்கா’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆறு வருடத்தில் அவளுடைய எண்ணிக்கை ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

இந்தப் பெட்டியின் பெயர் ‘மழைநாள் வீடு’. ஆயிரத்து நூற்று எண்பத்தாறு துண்டுகள், இரண்டு மாடி, ஓட்டுக்கூரை. விற்ற பெண்மணி போட்டிருந்த விவரம் அவளுக்கு மனப்பாடம்: ‘முழுமையானது. ஒரு துண்டுகூடக் குறையாது. புகை பிடிக்காத வீட்டிலிருந்து.’ கூடவே வீட்டின் படம். பின்னணியில் ஒரு சமையலறைத் தரை, அதில் நாய்க்குத் தண்ணீர் வைக்கும் கிண்ணம்.

வந்ததோ மூன்று துண்டுகள் குறைவு. மாடிப்படித் திருப்பத்து ஜன்னலின் கண்ணாடி இல்லை. வாசல் கதவின் கைப்பிடி இல்லை. மேல் ஜன்னலில் நிற்க வேண்டிய மஞ்சள் மழைக்கோட்டுச் சிறுமி இல்லை. குடை பிடித்த அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், ஒரு காது மூளியான நாய்க்குட்டி இருந்தது. சிறுமியைத்தான் காணோம்.

இப்படிப் புளுகி விற்கிறவர்களை அவள் சும்மா விடுவதில்லை. அரைப் பக்கத்துக்குக் குறையாமல் திட்டி எழுதினாள். மறுநாள் காலையில்தான் பதில் வந்தது.

“கொஞ்சம் பொறுங்க. எங்ககிட்ட வந்தப்போ மாடிப்படியும் நாய்க்குட்டியும் இல்ல. அப்புறம் தானா முழுசாயிடுச்சு.”

“நக்கலைப் பாரு” என்று அவள் கைபேசியைக் கட்டிலில் எறிந்தாள். பிறகு மேசைக்கு வந்து பார்த்தால், கண்ணாடி இருந்தது. சட்டத்தில் கச்சிதமாக, எப்போதும் அங்கேயே இருந்ததுபோல.

எண்ணிக்கையில் தவறிவிட்டோம் என்று நினைப்பது அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அன்றைக்கு எல்லாமே அப்படித்தான் போயிற்று. தன் வீட்டு மாடிப்படி ஏறும்போது சில்லென்று காற்று அடித்தது. நிமிர்ந்து பார்த்தால், திருப்பத்தில் இருந்த ஜன்னலில் வெறும் சட்டம்தான் நின்றது. கீழே ஒரு சில்லுகூட இல்லை. வீட்டு உரிமையாளர் சொல்லாமல் கொள்ளாமல் ஆள் அனுப்பிக் கழற்றியிருக்கிறார் என்று அவளே முடிவுகட்டி, அவரைத் தொலைபேசியில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர் சத்தியம் செய்தார். அவள் நம்பவில்லை. ஓர் அட்டையை வைத்து ஜன்னலை அடைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் பேருந்து ஓட்டுநரான கணவர் வேலைக்குக் கிளம்பினார். இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகள் பள்ளி வேனில் ஏறினாள். பிறந்ததிலிருந்து வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு வீட்டில் மைனா என்றே பெயர். இருவரையும் அனுப்பிவிட்டு அவள் மேசைக்கு வந்தபோது, பொம்மை வீட்டின் வாசல் கதவில் கைப்பிடி இருந்தது.

அவள் அதைக் கொஞ்ச நேரம் முறைத்தாள். சரி, பெட்டியின் அட்டை மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும், தூக்கி வைத்தபோது விழுந்திருக்கும், தூக்கக் கலக்கத்தில் நாமே பொருத்தியிருப்போம். இப்படி ஒவ்வொன்றாக அவளே அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆயிரத்துச் சொச்சத்தை மூன்றாவது தடவை எண்ண அவளுக்குத் தெம்பில்லை. இன்னும் ஏழு பெட்டிகள் கழுவாமல் கிடந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக, எண்ணாமல், வீட்டைத் தூக்கித் தராசில் வைத்தாள். கையேட்டு எடை இரண்டாயிரத்து நூற்று நாற்பது கிராம். தராசு காட்டியது இரண்டாயிரத்து நூற்று முப்பத்தேழு.

மூன்று கிராம். ஒரு பொம்மைச் சிறுமியின் எடை.

கண்ணாடியும் கைப்பிடியும் வந்த மாதிரி அந்தச் சிறுமியும் எங்காவது மடிப்பில் மாட்டிக்கொண்டிருப்பாள், அனுப்புவதற்குள் கிடைத்துவிடுவாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். புதிதாக எழுதச் சலிப்பாக இருந்தது. அந்தப் பெண்மணி எழுதியதையே நகலெடுத்துப் போட்டாள். ‘முழுமையானது. ஒரு துண்டுகூடக் குறையாது.’ எண்ணி அக்காவின் பெயருக்கு மதிப்பு அதிகம். அவள் காபி டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் வீடு விற்றுப்போனது.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. பெட்டியைச் சுற்றும் பசைநாடா தீர்ந்துபோனதால் தெருமுனைக் கடைக்குப் போகலாம் என்று குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கதவைத் திறக்கக் கையை நீட்டினாள். கை வழவழப்பான மரத்தில் சறுக்கியது.

கைப்பிடி இல்லை. கழற்றப்பட்டிருந்தால் திருகாணித் துளைகள் இருக்கும், பித்தளை உரசிய கறுப்பு வட்டம் இருக்கும். எதுவுமே இல்லை. கைப்பிடி என்ற ஒன்று அந்தக் கதவில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பதுபோல் மரம் ஒரே சீராக இருந்தது.

அவள் குடையைக் கீழே வைத்தாள். மழைச் சத்தத்துக்கு நடுவே மாடி அறையிலிருந்து சடக் என்று ஓர் ஓசை கேட்டது. துண்டோடு துண்டு பொருந்தும் ஓசை. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அவள் கையாலேயே எழுப்புகிற ஓசைதான். ஆனால் அறையில் யாரும் இல்லை.

மாடிக்கு ஏறினாள். அறையில் வழக்கமான சோப்பு வாசனையோடு வேறொரு வாசனையும் இருந்தது. நனைந்த தலைமுடி, பள்ளிப்பை, பென்சில் சீவிய தூள். மேசை விளக்கைப் போட்டுப் பொம்மை வீட்டின் அருகில் குனிந்தாள். கைப்பிடியில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், சிவப்பாக ஒரு புள்ளி சுற்றியிருந்தது. போன மாதம் சாவி தொங்கவிடத் தன் வாசல் கைப்பிடியில் அவள் கட்டிய சிவப்பு நூல். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து ஜன்னலைப் பார்த்தாள். கீழ் மூலையில் ஒரு நட்சத்திரம். மாடிப்படி ஜன்னலில் மைனா ஒட்டிய ஸ்டிக்கர். பாதி பிய்ந்தது. அதே பாதி.

அவள் நகத்தால் கைப்பிடியை நெம்பினாள். நகம்தான் ஒடிந்தது.

குனிந்தபடியே நாய்க்குட்டியைப் பார்த்தாள். ஒரு காது மூளி. செவ்வாய்க்கிழமை அதைப் பழசு என்றுதான் நினைத்தாள். விற்பனைப் படத்தில் சமையலறைத் தரையில் இருந்த தண்ணீர்க் கிண்ணம் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்மணிக்கு எழுதினாள். உங்கள் நாய் எங்கே என்று மட்டும் கேட்டாள்.

இந்த முறை பதில் உடனே வந்தது. “விவரம் எழுதறப்போ பார்த்து எழுதுங்க. இல்லாதது இல்லைன்னே எழுதிடுங்க. நான் முழுசுன்னு எழுதிட்டேன்.” கொஞ்சம் விட்டு இன்னொரு வரி வந்தது. “உங்க வீட்ல குழந்தைங்க யாரும் இல்லையே?”

மணி மூன்றரை. வேன் நான்கு மணிக்கு வரும்.

இதுவரை அவள் கோபப்பட்டதெல்லாம் கோபமே இல்லை. தன்மேல் வந்தது பாருங்கள், அதுதான் கோபம். ஆறு வருடம் ஊரையெல்லாம் புளுகர்கள் என்று திட்டியவள், ஒரே ஒரு நாள் சலிப்பில் ஒரு வரி பொய் எழுதினாள். திருத்திவிட்டால் போதும். ‘சிறுமி இல்லை.’ இரண்டே சொல். செயலியைத் திறந்தாள். ‘விற்பனையான பொருளின் விவரத்தை மாற்ற இயலாது.’ விற்பனையை ரத்து செய்ய முயன்றாள். காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. ‘விவரம் தவறு’ என்பதைத் தொட்டாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்றது. உதவி எண்ணில் ஒரு பதிவுக்குரல் பொறுமையாக இருக்கச் சொல்லிவிட்டு இசை போட்டது. “ஏய், ஆள் யாராவது பேசுங்களேன்” என்று அவள் இசையைப் பார்த்துக் கத்தினாள். கணவருக்கு அடித்தாள். பேருந்து ஓட்டும்போது அவர் கைபேசியை அணைத்துவிடுவார்.

வீட்டைத் தூக்கிக் குப்பையில் போடலாம். போட்டாலும் அந்த விவரம் அங்கேயேதான் இருக்கும். வேறொரு பெட்டியிலிருந்து ஒரு சிறுமி பொம்மையை எடுத்து மேல் ஜன்னலில் நிறுத்தினாள். திரும்பிக் கைபேசியைப் பார்த்துவிட்டு வந்தபோது அது மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தது.

மூன்றே முக்காலுக்குச் செயலியிலிருந்து செய்தி வந்தது. பொருளைத் தராசில் வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். கையேட்டு எடையைவிடக் குறைந்தால் விவரம் தவறு என்று பதிந்து விற்பனையை ரத்து செய்வார்கள். அவளுக்கு உயிர் வந்தது. தராசைத் துடைத்து வீட்டை வைத்தாள். இரண்டாயிரத்து நூற்று முப்பத்தேழு. மூன்று கிராம் குறைவு. அந்த எண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

படம் எடுத்து அனுப்பினாள். ‘படம் தெளிவாக இல்லை.’ விளக்கைத் திருப்பி வைத்து மறுபடி எடுத்தாள். ‘படம் தெளிவாக இல்லை.’

வாசலில் வேன் ஒலி எழுப்பியது. கைப்பிடியில்லாத கதவைக் கத்தி முனையால் நெம்பித் திறந்து, மழையில் இறங்கி ஓடினாள். மைனா வேனிலிருந்து குதித்தாள். மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்தாள்.

“இது யாருது?”

“வேன்ல கிடந்துச்சும்மா. டிரைவர் மாமா போட்டுக்கோன்னாரு. எனக்குச் சரியா இருக்கு பாரு.”

அவள் அங்கேயே மண்டியிட்டுப் பொத்தான்களைக் கழற்றப் பார்த்தாள். பொத்தான்கள் அசையவில்லை. மைனா வலிக்கிறது என்றாள், பசிக்கிறது என்றாள், பக்கத்து இருக்கைக்காரி தன் ரப்பரைத் தின்றுவிட்டதாகச் சொன்னாள். அவள் மகளின் கையை இறுகப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கை சூடாக இருந்தது, ஈரமாக இருந்தது, பிசுபிசுவென்று இருந்தது. இருக்கட்டும். அப்படியே இருக்கட்டும்.

ஒரு கையில் மகள், ஒரு கையில் கைபேசி. தராசில் அதே முப்பத்தேழு. படம் எடுத்தாள்.

‘படம் தெளிவாக இல்லை. கைபேசியை இரு கைகளாலும் பிடிக்கவும்.’

அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. இன்னொரு தடவை ஒரு கையாலேயே எடுத்தாள். நடுக்கத்தில் எண்கள் கலங்கின. ‘கடைசி வாய்ப்பு’ என்றது செயலி.

“மைனா, அம்மா சட்டையைப் பிடிச்சுக்கோ. என்ன ஆனாலும் விடாத. வாய்ப்பாடு சொல்லிட்டே இரு, சத்தமா. நிறுத்தவே கூடாது.”

“எந்த வாய்ப்பாடும்மா?”

“ரெண்டு.”

மைனா அம்மாவின் நீலச் சட்டையின் ஓரத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சின்ன இழுப்பு இடுப்பருகே தெரிந்தது. அவள் மகளின் கையை விட்டாள். இரண்டு கைகளாலும் கைபேசியைப் பிடித்தாள்.

“ஓரிரண்டு ரெண்டு. ஈரிரண்டு நாலு.”

கைபேசித் திரைக்குள் தராசு வந்தது. எண்கள் மங்கலாக இருந்தன.

“மூவிரண்டு ஆறு. நாலிரண்டு எட்டு.”

இழுப்பு இருந்தது. எண்கள் தெளிந்தன. படமெடுக்கும் பொத்தானைத் தொட்டாள்.

“ஐயிரண்டு”

சடக்.

மழை மட்டும் கேட்டது.

அவள் திரும்பவில்லை. இடுப்பருகே இழுப்பு இல்லை. திரும்பினால் அது உண்மையாகிவிடும் என்பதுபோல் கைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வட்டம் சுற்றியது. நின்றது.

‘படம் தெளிவாக உள்ளது. எடை: 2140 கிராம். விவரம் சரிபார்க்கப்பட்டது.’

மேல் ஜன்னலில், மஞ்சள் மழைக்கோட்டில், சிறுமி நின்றுகொண்டிருந்தாள். வாய் பாதி திறந்திருந்தது. ஒரு கை மேலே தூக்கியிருந்தது. வளைந்த பிளாஸ்டிக் விரல்களுக்குள், இறுக்கமாக, ஒரு நீல நூல் இருந்தது.