அறை எண் கேட்டவன்

வரவேற்பு மேஜையில் போன் அலறியது!

தென் கொரியா, சொக்சோ நகரின் கடற்கரை ஓட்டல். காலை பதினோரு மணி.

ரிசப்ஷனிஸ்ட் தக் மிரான் எடுத்தாள். திரையில் 'விருந்தினர்' என்று மட்டும் வந்தது. பெயர் இல்லை. அறை எண் இல்லை.

"அக்கா... கீழே கறுப்பு கார் நிக்குது. அவர் வந்துட்டார்."

குரல் தெரிந்தது. முந்தாநாள் வீங்கிய கன்னத்தோடு வந்து தங்கிய ஓக் சேரின். புருஷன் பியோ தோகியோம், குற்றப்பிரிவு போலீஸ்காரன். மூன்று முறை அவன் மேல் புகார் கொடுத்தாள். மூன்று முறையும் அவன் ஸ்டேஷனிலேயே காகிதம் காணாமல் போனது.

பின்வாசல் திறந்துதான் இருக்கிறது, ஓடிவிடு என்று மிரான் சொல்லி முடிப்பதற்குள்...

கண்ணாடிக் கதவு விலகியது.

பியோ, அடையாள அட்டையை மேஜையில் வீசினான்.

"ஓக் சேரின். எந்த ரூம்?"

"தெரியாது சார்."

"ரிசப்ஷன்ல உக்காந்துகிட்டு தெரியாதா?"

நிஜமாகவே தெரியாது. போன வருஷம் பக்கத்து ஓட்டல் அறையில் ரகசிய கேமரா சிக்கியதும், முதலாளி எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். இப்போது விருந்தினரின் கைபேசிதான் சாவி. யார் எந்த அறை என்பது ஊழியர் யார் கண்ணுக்கும் தெரியாது.

ஓட்டலை இழுத்து மூடுவேன், உன்னை உள்ளே தள்ளுவேன் என்று சீறினான் பியோ.

"தள்ளுங்க சார். அங்கயும் இதேதான் சொல்வேன்."

மிரானின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான்.

வலியோடு, மறு கையால் பக்கத்துத் திரையைக் காட்டினாள். விருந்தினர் விவரத்தைப் போலீஸ் கேட்பதற்கென்றே ஒரு வழி. முகம், பணி எண், வழக்கு எண்... மூன்றும் பதிய வேண்டும்.

இவ்வளவுதானா என்று இளித்தான் பியோ. முகத்தைக் காட்டினான். சேரினின் பெயரையும் தன் பணி எண்ணையும் தட்டினான். வழக்கு? அப்படி ஒன்று இருந்தால்தானே! வாய்க்கு வந்த எண்ணை அடித்தான்.

'சரிபார்க்கிறோம்... காத்திருக்கவும்.'

சோபாவில் கால்மேல் கால் போட்டு இருபது நிமிடம் காத்திருந்தான்.

லிஃப்ட் திறந்தது.

சேரின்!

மிரான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். இவள் இன்னுமா போகவில்லை?

"நான் ஏன் பின்வாசல் வழியா போகணும்?" என்றாள் சேரின். குரல் நடுங்கியது. கால் நடுங்கவில்லை.

பியோ பாய்ந்தான்.

அவன் தோளில் ஒரு கை விழுந்தது. வாசல் வழியே வந்த இருவர். தப்பு செய்யும் போலீஸ்காரர்களைப் பிடிக்கும், மாகாண போலீஸின் கண்காணிப்புப் பிரிவு! உன்னை இன்னார் தேடுகிறார் என்று சேரினின் கைபேசிக்கு அப்போதே செய்தி போயிருந்தது. பொய் வழக்கு எண்ணும், அதை அடித்த முகமும் அந்தத் திரையிலிருந்து நேராக இவர்களிடம் போயிருந்தன.

பியோவின் முகம் வெளிறியது.

"எவன்... எவன் என் மேல புகார் குடுத்தது?"

மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே மிரான் சொன்னாள்:

"நீங்கதான் சார். போட்டோவோட!"