பாய்மாவின் உத்தரவாதம்

காற்றறை நிரம்பிவிட்டதற்கான மணி அடித்ததும் அறவாழி மூக்குக் குழாயைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பிறகு, தினமும் காலையில் செய்வதைப் போலவே, வண்டிக் கொட்டகைக்குள் போய் வண்டியின் போர்வையை முன்னாலிருந்து பின்னாக நான்கு மடிப்பாக மடித்து எடுத்தான். மேலே செம்புலக் குடியிருப்பின் கண்ணாடிக் கூரையில் செவ்வாயின் புழுதி சரசரத்துக்கொண்டிருந்தது. கீழே தளிர்ப்பச்சை நிறத்தில் நின்றது பாய்மா.

எட்டாயிரம் பேர் வாழும் செம்புலத்தில் இருந்த ஒரே ஸ்போர்ட்ஸ் கார் அதுதான். ஊரே கூட்டு வண்டியில் போய்வந்தது. பாசிப் பண்ணையில் மேற்பார்வையாளராக இருந்த அறவாழியும் வேலைக்குக் கூட்டு வண்டியில்தான் போனான். பாய்மாவைக் கொண்டுபோய்ப் பாசித் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்துவதாவது! பூமியில் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் உறைகூட அதன் இருக்கைகளில் இன்னும் பிரிக்கப்படவில்லை. பார்க்க வருகிறவர்கள் தொட்டால் மொரமொரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் அறவாழியின் காதுக்கு நாதஸ்வரம்.

அன்றோடு பாய்மா வந்து மூன்று ஆண்டுகள். பகல் பன்னிரண்டு மணிக்குக் கம்பெனி கொடுத்த உத்தரவாதம் தீர்ந்துவிடும். அதற்குள் நீட்டித்துக்கொள்ளாவிட்டால், பிறகு ஒரு திருகாணி போனாலும் பூமியிலிருந்து அனுப்ப மாட்டார்கள். நீட்டித்தால் பத்து ஆண்டுக்குக் கவலையில்லை. ஆனால் அதற்கு விலையாகக் குடும்பத்தின் வாராந்தரக் குளியல் உரிமையை எழுதிக் கொடுக்க வேண்டும். பத்து ஆண்டும் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். மூன்று வாரமாக அறவாழிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதினொரு மணிக்குக் கம்பெனி முகவர் சூசைமுத்து கொட்டகைக்கே வந்து சேர்ந்தார்.

"யோசிச்சீங்களா சார்? இந்த ஊர்ப் புழுதி உங்களுக்குத் தெரியாததா? சக்கரத்துக்குள்ள போச்சுன்னா அவ்வளவுதான்."

"பாய்மாவுக்குள்ளயா? அதுல புழுதி நுழையுமா?" என்று அறவாழி சிரித்தான். ஆனாலும் குனிந்து சக்கரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

அவன் மனைவி நப்பின்னை இருவருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். "ஏங்க, இவரைக் கேக்குறதுக்கு வண்டியையே கேட்டுடலாமே. அது பொய் சொல்லாதில்ல?"

அது சரிதான். குறையை மறைத்து விற்பது எல்லை மீறிப்போய்ப் பெரிய கலவரமே வெடித்த பிறகு, சிந்திக்கும் இயந்திரம் ஒவ்வொன்றிலும் வாய்மைச் சில்லு பதிக்க வேண்டுமென்று சட்டம் வந்திருந்தது. தன் நிலைமை பற்றி என்ன கேட்டாலும் இயந்திரம் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில் வரும். கேட்காத குறையைத் தானாகச் சொல்லாது. இருந்தும் அந்த வசதியை யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை. விற்கிறவர்களுக்கு அது பிடிக்காது, வாங்கியவர்களுக்குக் கேட்கப் பயம்.

அறவாழி தொண்டையைச் செருமிக்கொண்டான். "பாய்மா, இன்னும் பத்து வருஷத்துக்குள்ள உன் எஞ்சின்ல ஏதாவது பழுது வருமா?"

"வராது," என்றது பாய்மா.

"சக்கரம்? பிரேக்கு?"

"பழுதும் வராது. தேய்மானமும் வராது."

சூசைமுத்துவின் முகம் தொங்கிப்போனது. இருபது ஆண்டுத் தொழிலில் எந்த வண்டியும் இப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. அறவாழிக்கோ நெஞ்சு விம்மியது. பாய்மா சொன்னதை மணிக்கட்டுப் பேசியில் பதிந்து ஊர் முழுக்க அனுப்பினான். நப்பின்னையின் அண்ணன் செந்தூரனுக்கு மட்டும் இரண்டு தடவை அனுப்பினான், அவருடைய சுமைவண்டி மாதம் ஒரு முறை பட்டறையில் கிடப்பதால். பத்தே நிமிடத்தில் கொட்டகையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பாசிப் பண்ணை ஆட்கள் கை தட்டினார்கள். பெற்ற பிள்ளை மாநிலத்தில் முதலாவதாக வந்துவிட்டது போல அறவாழி எல்லோருக்கும் கை கொடுத்தான்.

நப்பின்னை மட்டும் கை தட்டவில்லை. வண்டி வந்த வாரமே அவள் ஒன்று கேட்டிருந்தாள். நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரும்பள்ளத்தாக்கின் விளிம்பு வரை இருவருமாகப் போய், சூரியன் நீல நிறத்தில் மறைவதைப் பார்த்துவிட்டு வர வேண்டும். "புழுதி அடங்கட்டும்" என்றான் அறவாழி. செவ்வாயில் புழுதி அடங்கியதாகச் சரித்திரமே இல்லை.

அவள் வண்டிக்கு அருகே வந்து நின்றாள். "பாய்மா, ஏன் பழுதே வராதுங்கிற?"

"மூன்று ஆண்டுகளில் நான் ஓடியது பதினொரு கிலோமீட்டர். ஒன்பது கிலோமீட்டர் விண்கலத் துறையிலிருந்து இங்கே வந்தது. மீதி, பார்க்க வந்தவர்களுக்கு மறுபக்கத்தைக் காட்டுவதற்காக முன்னும் பின்னும் நகர்ந்தது. இப்படியே இருந்தால் எதுவும் கெட வழியில்லை."

கூட்டத்தில் ஒருவர் இருமினார். மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

"மாசம் ஒரு தடவை பெரும்பள்ளத்தாக்குக்குப் போயிட்டு வந்தா?"

"முதல் ஆண்டிலேயே இரண்டு பழுது வரும். அப்போது நீட்டித்த உத்தரவாதம் அவசியம்."

சூசைமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். மணி பன்னிரண்டாக ஆறு நிமிடம் இருந்தது.

"வாங்கிடுங்க," என்றாள் நப்பின்னை. "பத்து வருஷம் குளிக்காட்டிப் போகுது. எனக்குச் சம்மதம். ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க, போதும்."

அறவாழிக்கு வெட்கமாக இருந்தது. தன் மனைவி கேட்டது இவ்வளவு சின்ன விஷயம் என்பது அன்றுதான் அவனுக்கு உறைத்தது. பாய்மாவின் கதவைத் திறந்து, அவள் உட்கார வேண்டிய இருக்கையின் உறையை ஓரத்தில் நகத்தால் நெருடினான். ஒரு மூலை விடுபட்டது. உள்ளேயிருந்து புதுத் தோலின் வாசனை, மூன்று ஆண்டு பழசான புது வாசனை, குப்பென்று வந்தது.

அந்த வாசனைதான் கெடுத்தது. எவ்வளவு புதுசாக இருக்கிறது! விடுபட்ட மூலையைக் கட்டைவிரலால் அழுத்தித் திரும்ப ஒட்டினான்.

"பாய்மா, இப்படியே நின்னுட்டு இருந்தா உன்கிட்ட எதுவுமே கெடாதா?"

"போர்வை கெடும். ஒரு நாளைக்கு ஆறு முறை எடுத்துப் போடுகிறீர்கள். இரண்டு மாதத்தில் கிழியும்."

அறவாழி பதறிப்போனான். மூன்று வாரமாக எதை எதையோ நினைத்துப் பயந்தவன் இதை நினைக்கவே இல்லை. "சூசைமுத்து, போர்வைக்குத் தனியா வாரண்டி உண்டா?"

"இருக்கு சார். பத்து வருஷத்துக்குப் புதுப் போர்வையோட வரும். ஒரு மாசக் குளியல்தான்." அவர் அதற்கான படிவத்தை ஏற்கனவே கையில் எடுத்திருந்தார். "கட்டில் உறை, நாற்காலி உறைன்னு இந்த ஊர்ல அதான் சார் நிறையப் போகுது."

பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது அறவாழி விரல்ரேகை வைத்தான். நப்பின்னை டீத் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று மாலைக் கூட்டு வண்டியில் தனியாகவே பள்ளத்தாக்குக்குப் போய்வந்தாள். சூரியன் நீலமாகத்தான் மறைந்தது என்று மட்டும் வந்து சொன்னாள்.

ஒன்பது மாதம் கழித்துப் பூமியிலிருந்து புதுப் போர்வை வந்து இறங்கியது. அதுவும் தளிர்ப்பச்சைதான். பழையபடி ஊரே திரண்டு வந்தது. செம்புலத்தில் பத்தாண்டு உத்தரவாதம் பெற்ற ஒரே வண்டிப் போர்வை அது என்று அறவாழி நிமிர்ந்து நின்று சொன்னான்; தையலைக் காட்டினான்; ஓரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். எல்லோரும் தொட்டுப் பார்த்து, அருமை என்றார்கள். செந்தூரன்கூடச் சொன்னார்.

"அப்படியே வண்டியையும் ஒரு தடவை காட்டுங்க மாப்பிள்ளை," என்றார் அவர்.

"சும்மா சும்மா எடுத்தா போர்வை என்ன ஆகும் மச்சான்?" என்றான் அறவாழி.

அவர்கள் போன பிறகு, புதுப் போர்வையில் தூசி படாமல் இருக்க நப்பின்னையின் பழைய புடவை ஒன்றை எடுத்து வந்து அதன்மேல் விரித்து, நான்கு ஓரமும் சரியாக இழுத்துவிட்டான்.